ஆறு மணிக்கு மேல வாங்க!

காலையில் இலவசம், மாலையில் டோக்கன், ஞாயிறு என்றால் வெளியூர் ஸ்பெஷலிஸ்ட். அறந்தாங்கி வட்டாரத்தின் மாலை நேர மருத்துவம் பற்றி ஒரு சிறப்புப் பார்வை.

அறந்தாங்கி வட்டாரத்தில் உடம்புக்கு முடியாமல் போவதற்கு நேரம் காலம் கிடையாது. டாக்டரைப் பார்ப்பதற்குத்தான் உண்டு. காலை என்றால் அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு. மாலை என்றால் தனியார் கிளினிக்கில் டோக்கன். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் மெடிக்கல் ஷாப்பில் ‘ஒரு செட்’ மாத்திரை.

புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்கிழக்குப் பகுதிக்கே மருத்துவத்துக்கான ஊர் அறந்தாங்கிதான். ஆவுடையார்கோவில், மணமேல்குடி, மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கட்டுமாவடி என்று கடற்கரை வரைக்கும் உள்ள ஊர்க்காரர்கள் இங்கேதான் வந்து இறங்குகிறார்கள். பெரிய வியாதி என்றால் புதுக்கோட்டையோ தஞ்சாவூரோ திருச்சியோ மதுரையோ போக வேண்டும். 2017-ல் புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு அந்த அலைச்சல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் காய்ச்சல், சளி, சுகர், பிரஷர், மூட்டுவலி, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று அன்றாடம் வருகிற வியாதிகளுக்கு அறந்தாங்கிதான் கதி.

இந்த அன்றாட வியாதிகளில் பெரும்பங்கு மாலையில்தான் டாக்டரிடம் போய்ச் சேர்கிறது. அரசு ஓ.பி.யோ மதியத்தோடு கூட்டம் வடிந்துவிடுகிற இடம். இந்த இரண்டு கடிகாரங்களும் ஏன் ஒத்துப்போவதில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

நம்பர் தெரியும், நேரம் தெரியாது

மாலை கிளினிக்கின் டோக்கன் பெரும்பாலும் காலையிலேயே தொடங்கிவிடுகிறது. சில இடங்களில் ஏழு மணிக்கு நேரில் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். சில இடங்களில் கிளினிக்கை ஒட்டிய மருந்துக்கடையில் நோட்டு இருக்கும். போனில் சொன்னாலும் எழுதிக்கொள்கிறார்கள். பேச்சு அநேகமாக இந்த அளவில் முடிந்துவிடும்:

“அண்ணே, டாக்டர் இன்னிக்கு இருக்காங்களா?”

“ஆறு மணிக்கு மேல வாங்க. பேரு சொல்லுங்க.”

“எத்தனாவது நம்பருண்ணே?”

“நாப்பது. எட்டு, எட்டரைக்கு வாங்க, சரியா இருக்கும்.”

சரியாக இருக்காது. ஆறு மணிக்கு டாக்டர் உட்கார்ந்துவிட்டார், ஒருவருக்கு ஐந்தே நிமிடம் என்று கணக்குப் போட்டாலும் நாற்பதாவது ஆள் உள்ளே போகும்போது மணி ஒன்பதே கால் ஆகிவிடும். டாக்டர் ஆறு மணிக்கே வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நடுவில் மூச்சுத் திணறலோடு தூக்கி வரப்படும் குழந்தை வரிசையைத் தாண்டித்தான் போக வேண்டும். அதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஆனால் “ரிப்போர்ட் மட்டும் காட்டிட்டு வந்துர்றேன்” என்று நுழைகிறவர், கையில் பெட்டியோடு நிற்கும் மெடிக்கல் ரெப், டாக்டருக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று நோட்டில் ஏறாத டோக்கன்கள் நிறைய. கம்பவுண்டர் என்று நாம் இன்றும் அழைக்கிற அந்த உதவியாளர்தான் இத்தனை பேரையும் சமாளிக்கிறார். அவர் கையில் இருப்பது இருபது ரூபாய் கோடு போட்ட நோட்டும் ஒரு பால்பாயிண்ட் பேனாவும். கூப்பிட்ட பெயருக்கு ஆள் இல்லை என்றால் பக்கத்தில் ஒரு சின்னக் கேள்விக்குறி. வந்தவுடன் அதன்மேல் ஒரு டிக். டவுனில் மூலைக்கு மூலை யு.பி.ஐ. ஸ்கேனர் வந்துவிட்டது, இந்த நோட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆக, நோயாளிக்குத் தரப்படுவது ஒரு நம்பர்தான். அந்த நம்பருக்கு உரிய நேரத்தை அவரேதான் உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டும்.

காலையில் ஏன் வருவதில்லை?

“காலையில் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்க்கிறார்களே, அங்கே போக வேண்டியதுதானே” என்று கேட்பது சுலபம். கொத்து வேலைக்குப் போகிறவர், ஜவுளிக்கடையில் நிற்கிற பெண், நாற்று நடப் போகிறவர், இவர்களுக்கெல்லாம் ஓ.பி. நேரம் என்பது கூலி நேரம். சீட்டு, டாக்டர், ரத்தப் பரிசோதனை, மருந்து வாங்கும் ஜன்னல் என்று நான்கு வரிசையில் நின்று முடிப்பதற்குள் அன்றைய வேலை போய்விடும். இலவச மருந்துக்கு அவர் கொடுக்கிற விலை ஒரு நாள் சம்பளம்.

கடற்கரைக்கு வேறு கணக்கு. பாக் நீரிணைப் பகுதியில் விசைப்படகுகள் வாரத்தில் திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் கடலுக்குப் போகும்; மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. இரவெல்லாம் கடலில் கிடந்துவிட்டு, விடிந்து கரையேறி, மீனைப் பிரித்து ஏலம் முடித்து வருகிறவரை ஒன்பது மணி ஓ.பி.க்கு வரச் சொன்னால் எப்படி வருவார்? கொஞ்சம் தூங்கி எழுந்து மாலையில்தான் டாக்டர் ஞாபகம் வரும்.

உடம்புக்கும் ஒரு கடிகாரம் இருக்கிறது. மனித உடலின் வெப்பநிலை இயல்பாகவே விடியற்காலையில் குறைந்தும் பிற்பகல் தாண்டி மாலையில் கூடியும் இருக்கும். காலையில் சுமாராக இருந்த குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, ஐந்து மணிக்குத் தொட்டுப் பார்த்தால் நெருப்பாகக் கொதிப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று. குழந்தைகள் டாக்டர் கிளினிக்குகளில் மாலைக் கூட்டம் அலைமோதுவது தாய்மார்களின் அலட்சியத்தால் அல்ல.

இன்னொரு காரணம், கூட்டிக்கொண்டு வருவதற்கு ஆள் வேண்டும். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ திருப்பூரிலோ இருக்க, ஊரில் தனியாக இருக்கும் வயதானவர்கள் இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. திருப்பூர் மகன் சனிக்கிழமை இரவு பஸ் ஏறினால் ஞாயிறு ஒரு நாள்தான் அப்பாவின் முட்டிவலிக்குக் கிடைக்கும். அந்த ஒரு நாளை நம்பித்தான் ஊரில் ஒரு தனி ஏற்பாடே ஓடுகிறது. ‘பிரதி ஞாயிறு காலை 10 முதல் 2 வரை’ என்ற போர்டுடன் திருச்சி, மதுரை, தஞ்சாவூரிலிருந்து எலும்பு, நரம்பு, இருதய டாக்டர்கள் சிறு நகரங்களுக்கு வந்துபோகும் ஏற்பாடு அது. முன்பதிவு மருந்துக்கடை போனில். ஒரு ஞாயிறு டாக்டர் வரவில்லை என்றால் அடுத்த ஞாயிறு. மகனுக்கு அடுத்த லீவு எப்போது என்பது வேறு விஷயம்.

அதே டாக்டர், வேறு நாற்காலி

வெளியூர்க்காரர்களுக்குப் புரியாத, உள்ளூர்க்காரர்கள் சர்வசாதாரணமாக எடுத்துக்கொள்கிற சங்கதி ஒன்று உண்டு. சிறு நகரத்தில் மாலையில் காசு கொடுத்துப் பார்க்கிற டாக்டர் பல சமயம் காலையில் அரசு மருத்துவமனையில் இருக்கிறவர்தான். தமிழ்நாட்டில் அரசு டாக்டர்கள் பணி நேரத்துக்கு வெளியே தனியாகப் பார்க்க அனுமதி உண்டு. அதில் ஒளிவு மறைவோ குற்றமோ ஏதும் இல்லை. அந்த அனுமதி இல்லாவிட்டால் சிறு நகரங்களுக்கு ஸ்பெஷலிஸ்ட் வருவதே குதிரைக்கொம்பாகிவிடும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அந்த வாதத்தில் நியாயமும் இருக்கிறது.

ஆனால் அதன் விளைவு ஒன்று இருக்கிறது. வேலைக்குப் போகிறவருக்கு வசதியான நேரம் முழுக்கத் தனியார் வசம் போய்விட்டது. அரசிடம் டாக்டர் இருக்கிறார், கட்டடம் இருக்கிறது, மருந்து இருக்கிறது. மக்கள் வரமுடிகிற நேரம் மட்டும் இல்லை. 2017-18-ல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின்படி, நாடு முழுவதும் வெளிநோயாளியாகப் பார்க்கப்பட்ட நோய்களில் சுமார் 30 சதவீதம்தான் அரசு நிலையங்களுக்குப் போயிருக்கின்றன. சுமார் 43 சதவீதம் தனி டாக்டர்களிடமும் கிளினிக்குகளிலும் பார்க்கப்பட்டவை. அரசு மருத்துவமனைக்கு ஏன் போவதில்லை என்று வீடு வீடாகக் கேட்கும் தேசிய குடும்ப நல ஆய்வு, தரம், தூரம், காத்திருப்பு ஆகியவற்றோடு ‘நேரம் ஒத்துவராது’ என்பதையும் ஒரு தனிக் காரணமாகவே பதிவு செய்கிறது.

தமிழ்நாட்டில் 2,200-க்கும் மேற்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. பலவற்றின் வாசலில் ‘24 மணி நேரம்’ என்று எழுதியிருக்கும். அது பொய்யில்லை. பிரசவத்துக்கும் முதலுதவிக்கும் இரவிலும் செவிலியர் இருப்பார். கிராமத்துப் பிரசவங்களை வீட்டிலிருந்து சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவந்ததில் அந்தச் செவிலியர்களின் பங்கு பெரிது. ஆனால் சுகருக்கோ சளிக்கோ டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றால் பொதுவாக மாலை நான்கு மணிக்குள் வந்தாக வேண்டும்.

அரசுக்குத் தெரியாமல் இல்லை

மாலை நேரத்தின் தேவை அரசுக்குத் தெரியும். 2020 டிசம்பர் 14-ம் தேதி அன்றைய முதல்வர் எடப்பாடி கே.பழனிசாமி தொடங்கி வைத்த அம்மா மினி கிளினிக் திட்டத்தின் அடிப்படையே அதுதான். 2,000 கிளினிக்குகள், காலையில் நான்கு மணி நேரம், மாலையில் மறுபடி திறப்பு. தற்காலிகப் பணியாளர்களை வைத்து ஓடிய அந்தத் திட்டம் ஆட்சி மாறியதும் 2022 தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது.

அடுத்து, 2023 ஜூன் 6-ம் தேதி அப்போதைய முதல்வர் மு.க.ஸ்டாலின் 500 நகர்ப்புற நல்வாழ்வு மையங்களைத் திறந்து வைத்தார். திட்டமிடப்பட்டவை மொத்தம் 708. நேரம் காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8. ஒரு டாக்டர், ஒரு செவிலியர், ஒரு சுகாதார ஆய்வாளர், ஒரு உதவியாளர். பெயரும் கட்சியும் மாறினாலும் மாலை நான்கு மணி மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தேவை அவ்வளவு வெளிப்படையானது.

2025 ஆகஸ்ட் 2-ல் தொடங்கிய ‘நலம் காக்கும் ஸ்டாலின்’ முகாம்கள் வார இறுதியைப் பிடித்தன. சனிக்கிழமைகளில் பள்ளி வளாகங்களில் ஸ்பெஷலிஸ்டுகளும் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை வசதிகளும் ஒரே இடத்தில். மாநிலம் முழுக்க 1,256 முகாம்கள் என்பது இலக்காக இருந்தது.

நல்ல விஷயங்கள்தான். ஆனால் நல்வாழ்வு மையம் மாநகராட்சி, நகராட்சிகளுக்கானது. ஆவுடையார்கோவில் ஒன்றியத்துக் கிராமத்துக்காரருக்கு அந்த மாலை நான்கு மணி கிடையாது. முகாம் ஊருக்கு வரும் நாள் திருவிழா மாதிரி, வந்துவிட்டுப் போய்விடும். சுகருக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் அதே டாக்டர் வேண்டும்.

கிராமத்திலும் செய்யலாம் என்பதற்குக் கேரளம் உதாரணம். 2017-ல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தில் அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார மையங்களாக மாற்றி, ஓ.பி. நேரத்தை மாலை 6 மணி வரை நீட்டினார்கள். இருக்கிற ஒரே டாக்டரைக் கூடுதல் நேரம் உட்காரச் சொல்லவில்லை. டாக்டர், செவிலியர் எண்ணிக்கையைக் கூட்டி ஷிப்ட் போட்டார்கள். அதுதான் அதில் கற்றுக்கொள்ள வேண்டியது.

யாழ்ப்பாணத்தில் ‘சனலிங்’, லண்டனில் சனிக்கிழமை

கோட்டைப்பட்டினத்துக்கு எதிர்க்கரையான இலங்கையிலும் இதே கதைதான். அரசு மருத்துவர்கள் பணி நேரத்துக்குப் பிறகு தனியாகப் பார்க்க அங்கே 1977-லிருந்து அனுமதி. ஆனால் முன்பதிவை அவர்கள் நோட்டிலிருந்து எப்போதோ வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். ‘சனலிங்’ என்று சொல்லப்படும் அந்த முறையில், தனியார் மருத்துவமனையில் எந்த டாக்டர் எந்த நாள், எத்தனை மணிக்கு வருகிறார் என்பது பட்டியலாக இருக்கும். இணையத்திலோ போனிலோ பதிந்து பணம் கட்டினால் நம்பரோடு உத்தேச நேரமும் வரும். அங்கேயும் டாக்டர் தாமதமாக வருவார், அங்கேயும் மக்கள் புலம்புவார்கள். ஆனால் யாழ்ப்பாணத்தில் இருக்கிற அம்மாவுக்குக் கனடாவில் இருக்கிற மகளால் நம்பர் எடுத்துவிட முடிகிறது.

இங்கிலாந்தில் டாக்டரைப் பார்ப்பது அரசுச் செலவு. அங்கேயும் தலைவலி இருந்தது. குடும்ப டாக்டர் வேலை நாட்களில் காலை 8 முதல் மாலை 6.30 வரை மட்டும். அன்றைய அப்பாயின்ட்மென்ட்டுக்காகக் காலை எட்டு மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் போன் அடிப்பது அந்த நாட்டில் பெரிய அரசியல் பிரச்னையாகவே ஆனது. 2013-ல் பிரதமரின் பெயரால் 5 கோடி பவுண்டு ஒதுக்கி மாலை, வார இறுதி நேரங்களைச் சோதித்துப் பார்த்தார்கள். 2015-ல் வந்த மதிப்பீட்டில் தெரிந்த சங்கதி சுவாரஸ்யமானது. வேலை நாள் மாலைக்கும் சனிக்கிழமை காலைக்கும் ஆள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பல இடங்களில் ஈ ஓட்டினார்கள். 2022 அக்டோபர் முதல் அங்கே பல கிளினிக்குகள் சேர்ந்து முறை வைத்துக்கொண்டு, வார நாட்களில் இரவு 8 வரையும் சனிக்கிழமை காலை 9 முதல் மாலை 5 வரையும் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு.

அங்கே காலியாகக் கிடந்த ஞாயிறு இங்கே அடைமழை மாதிரி நிரம்புகிறது. ஆகவே எந்த நாள், எந்த நேரம் என்பதை லண்டனைப் பார்த்தோ சென்னையைப் பார்த்தோ முடிவு செய்ய முடியாது. அந்தந்த ஊரின் கூலி நேரம், கடல் நாள், பஸ் நேரம் ஆகியவற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கடைசி பஸ்

அறந்தாங்கியில் மாலை டோக்கனின் உண்மையான எல்லைக்கோடு கடைசி டவுன் பஸ்தான். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு காசில்லாமல் வந்து இறங்குகிற தாய், நாற்பதாவது டோக்கனில் மாட்டி, டவுனில் பஸ் ஏறும் கட்டுமாவடி முக்கத்துக்கு ஓடிவருவதற்குள் கடைசி வண்டி போய்விட்டது என்றால் ஆட்டோதான். டாக்டர் பீஸைவிட ஆட்டோ வாடகை கூடுதலாகிவிடும். அதனாலேயே எட்டு மணியைத் தாண்டினால் டோக்கனை விட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் உண்டு. போகிற வழியில் மருந்துக்கடையில் மாத்திரையின் நிறம் சொல்லி, வயது சொல்லி, ‘காய்ச்சலுக்கு ஒரு செட்’ வாங்கிக்கொள்கிறார்கள். அந்தச் செட்டில் பல நேரம் ஒரு ஆன்டிபயாடிக்கும் இருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் ஹெச் மருந்து அது. சட்டத்தை மீறுகிறவர் கடைக்காரர்தான். மீற வேண்டிய நெருக்கடியை உண்டாக்கியது நேரம்.

மாலை டோக்கனுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சுகர் என்று போனால், “நாளைக்குக் காலைல வெறும் வயித்துல டெஸ்ட் எடுத்துட்டு, சாயந்தரம் ரிப்போர்ட்டோட வாங்க” என்பார்கள். ஒரு நோய்க்கு இரண்டு நாள், மூன்று பயணம். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அந்த மாத்திரையின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ சொல்லும் டாக்டரை மாலையில் சந்திக்க வழிசெய்தால்தான் அந்தத் திட்டமே முழுமையாகும்.

டோக்கன் போடும் முன்...

• நெஞ்சை அழுத்தும் வலி, முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் இழுத்துக்கொள்ளுதல், பேச்சுக் குழறல், பாம்புக்கடி, கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, குழந்தைக்கு மூச்சுத் திணறல் அல்லது வலிப்பு: இதற்கெல்லாம் டோக்கன் கிடையாது. 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியால் வரும் பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட நாலரை மணி நேரம்தான் அவகாசம்.

• காத்திருக்கலாமா, உடனே போக வேண்டுமா என்ற சந்தேகத்துக்கு 104-ல் ஆலோசனை கேட்கலாம். மன உளைச்சல் என்றால் 14416.

• மத்திய அரசின் இ-சஞ்சீவனி செயலியில் வீடியோவில் டாக்டரைப் பார்க்கலாம், மருந்துச் சீட்டும் கிடைக்கும். கட்டணம் இல்லை. 2020-ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி இது முறையான மருத்துவம்தான்.

• பெயர் கொடுக்கும்போதே “எங்களுக்குக் கடைசி பஸ் எட்டு மணிக்கு” என்று சொல்லுங்கள். முந்தைய சீட்டு, சாப்பிடுகிற மாத்திரை அட்டை, பழைய ரிப்போர்ட் மூன்றையும் ஒரே பையில் வையுங்கள். சுகருக்கு என்றால், காலை வெறும் வயிற்றில் டெஸ்ட் எடுத்துக்கொண்டே வரலாமா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.

செய்ய வேண்டியது என்ன?

டாக்டர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். காலையிலிருந்து வார்டு பார்த்தவர் மாலையில் அறுபது பேரைப் பார்ப்பது அவருக்கும் நல்லதில்லை, அறுபதாவது ஆளுக்கும் நல்லதில்லை. இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே இருக்கும் சுகாதார நிலையத்தில் ஒரு பெண் டாக்டரைத் தனியாக உட்காரச் சொல்ல முடியாது. 2024 நவம்பரில் சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், பட்டப்பகலில், பணியில் இருந்த டாக்டரையே ஒருவர் கத்தியால் குத்தினார். மாலை ஓ.பி. கேட்கிற நாம் வெளிச்சம், காவல், கூடுதல் ஆள் மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தினமும் வேண்டாம். ஒன்றியத்துக்கு ஒன்று, வாரத்தில் மூன்று மாலை, நான்கு முதல் எட்டு வரை. ஷிப்ட் முறையில் டாக்டரும் மருந்தாளுநரும் ஆய்வக நுட்புநரும் சேர்ந்து இருக்க வேண்டும். டாக்டர் மட்டும் இருந்து மருந்து ஜன்னல் பூட்டியிருந்தால் புண்ணியமில்லை. கடலோர ஒன்றியங்களில் அந்த மூன்று நாட்களை விசைப்படகு கடலுக்குப் போகாத நாட்களாகப் பார்த்து வைக்கலாம்.

தனியார் கிளினிக்குகள் செய்ய வேண்டியதற்குச் செலவே இல்லை. நம்பரோடு நேரத்தையும் சொல்லலாம். முதல் பதினைந்து பேர் ஆறு மணிக்கு, அடுத்த பதினைந்து பேர் ஏழேகாலுக்கு என்று பிரித்துவிட்டால் வாசலில் பாதிக் கூட்டம் குறையும். வெளியூர்க்காரருக்கு முன் நம்பர், உள்ளூர்க்காரருக்குப் பின் நம்பர் என்று ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தால் கடைசி பஸ் பிரச்னையும் தீரும். டாக்டர் வர நேரமானால் நோட்டில் இருக்கிற போன் நம்பர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் தகவல் போதும்.

அரசின் பங்கைக் கேட்டுப் பெற வழி திறந்தே இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. சாலை கேட்டும் தண்ணீர் கேட்டும் டாஸ்மாக்கை மூடச் சொல்லியும் அங்கே தீர்மானம் போடுகிறோம். ‘எங்கள் ஒன்றியத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாலை ஓ.பி. வேண்டும், இந்தந்தக் கிழமைகளில் வேண்டும்’ என்று அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி ஒன்றியங்களின் ஊராட்சிகள் ஒரே நாளில் தீர்மானம் போட்டு ஆட்சியருக்கு அனுப்பினால், அதை ‘தேவை இல்லை’ என்று எந்த அதிகாரியும் எழுதி மூட முடியாது. நகரத்துக்குக் கொடுத்துவிட்ட மாலை நான்கு மணியைத்தான் கிராமம் கேட்கிறது.